தாடியில் ஒரு விதைப் படிகம்

தணிகாசலத்தின் தாடியைக் கண்டால் டி.என்.ஏ எழுந்து நிற்கும்.

இதைச் சொன்னவர் தணிகாசலமேதான். கல்யாணப் பந்தியில் சொன்னார், துக்க வீட்டில் சொன்னார், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வந்த டாக்டரிடம் மயக்க மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதும் சொன்னார். குப்பிக்குள் கரைந்து, தி.நகர் தீபாவளிக் கூட்டம்போல் இடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிற டி.என்.ஏ துண்டுகள், பக்கத்தில் போய் அவர் தாடியை ஒரு ஆட்டு ஆட்டினால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசை கட்டிவிடுமாம். ஜப்பானிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் ஒரே ஒரு முடி கேட்டுக் கெஞ்சினாராம். “ஒரு முடி கொடுத்தா நாளைக்கு அங்கேயும் ஒரு தணிகாசலம் முளைச்சிடுவான்” என்று சொல்லி, காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

அவர் வேலை படிகவியல். பத்துப் பன்னிரண்டு எழுத்து நீளத்துக்குக் குட்டியாகச் செய்த டி.என்.ஏ துண்டுகளைப் படிகமாக வளர்த்து, அதன்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால், மறுபக்கம் புள்ளி புள்ளியாகச் சிதறும். அந்தப் புள்ளிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். படிகம் வரவேண்டுமே, அதுதான் பெரும்பாடு. உப்பைக் கூட்டி, குறைத்து, குளிரில் வைத்து, வெளியே எடுத்து, கும்பிட்டு, திட்டி, மாதக்கணக்கில் ஒன்றும் வராது.

அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஏற்கெனவே வளர்ந்த படிகத்தின்மேல் ஒரு முடியைத் தடவி, அதே முடியைப் புதுச் சொட்டுக்குள் ஒரு இழுப்பு இழுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் விதையாக விழுந்து அங்கேயும் படிகம் முளைக்கும். உலகமெங்கும் இதற்குப் பூனை மீசை வைத்திருப்பார்கள். தணிகாசலத்துக்குப் பூனை ஆகாது, தும்மல் வரும். அவர் தாடியிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். சோம்பலான நாளில் பிடுங்கக்கூட மாட்டார், தாடியோடு சேர்த்தே குனிந்து தடவிவிடுவார்.

அதனால் துறையில் ஒரு சடங்கே உண்டாகிவிட்டது. படிகம் வராத தட்டைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் அவர் அறை வாசலில் நின்று, “சார், தரிசனம்” என்பார்கள். அவர் மூடியைத் திறந்து, தாடியை நீவி, ஒரு பார்வை பார்த்து, “போ, வெள்ளிக்கிழமை வரும்” என்பார். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் பழி உப்பின்மேல்.

இதை நம்பாத ஒரே மாணவன் ஜெபசீலன். நாகர்கோவில்காரன். அறிவியல் கூடத்தில் சாமியாடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. தாடி காட்டிய தட்டு பாதி, காட்டாத தட்டு பாதி என்று வைத்து, இரண்டிலும் படிகம் சமமாக வந்ததை வரைபடமாகப் போட்டுத் துறைக் கூட்டத்தில் காட்டினான். “சாருக்க தாடிக்கும் படிகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு தெளிவாத் தெரியுது” என்று அவன் முடித்தபோது கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. அதிகம் சிரித்தவர் தணிகாசலம்தான். அவனுக்கே அந்த வருஷம் முதல் மதிப்பெண்ணும் போட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போலத் தரிசனம் கொடுத்தார்.

காலம் ஓடியது. தணிகாசலம் ஓய்வு பெற்றார். ஜெபசீலன் வெளிநாட்டுக்குப் போய் ஒரு மருந்தோடு திரும்பி வந்தான். நரம்பு தேய்ந்து கைகால் தொய்ந்துபோகிற ஒரு நோய்க்கு, பன்னிரண்டு எழுத்து டி.என்.ஏ துண்டு ஒன்றைத் சில மாதத்துக்கு ஒருமுறை தண்டுவடத்தில் ஊசியாகப் போட்டால் நோய் நின்ற இடத்திலேயே நிற்கும், போன தெம்பும் கொஞ்சம் திரும்பும். நோயாளிகள் அதைப் ‘பன்னிரண்டு’ என்றே கூப்பிட்டார்கள். அந்தத் துண்டின் அமைப்பை முதன்முதலில் கண்டுபிடித்தவர் தணிகாசலம். இது பீற்றல் இல்லை, நிஜம். அந்த நோய் அவர் மகள் பொற்கொடிக்கே வந்தது என்பதும் நிஜம்.

பொற்கொடி பல் டாக்டர். குரோம்பேட்டையில் கீழே கிளினிக், மேலே அப்பாவும் மகளும். ஒருநாள் நோயாளியின் வாய்க்குள் பிடித்திருந்த சின்னக் கண்ணாடி அவள் விரலிலிருந்து நழுவியது. அடுத்த மாதம் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. பன்னிரண்டு வந்த பிறகுதான் மறுபடியும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற தெம்பு வந்தது.

மருந்து செய்துவந்த வெளிநாட்டுக் கூடத்தை மூடிவிட்டு, ஒரகடத்தில் மருந்து ஆலை திறந்தான் ஜெபசீலன். அவனே ‘அவர்’ ஆகிவிட்ட வயசு, ஆனாலும் ஆசிரியரை அழைக்காமல் திறக்க மனசு வரவில்லை. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் வாசலில் முடிந்தது. உள்ளே போகும்போது உச்சியிலிருந்து பாதம்வரை வெள்ளை அங்கி, தாடிக்கென்று தனியாக ஒரு வெள்ளைப் பை. போட்டோகிராபர் பரிதாபமாக, “சார், முகமே தெரியலையே” என்றார். தணிகாசலத்துக்கு அது போதும். பையைக் கழுத்துக்கு இறக்கி, தாடியை வெளியே எடுத்துவிட்டு, திறந்திருந்த முதல் கலத்தின்மேல் குனிந்து, “போ, வெள்ளிக்கிழமை வரும்!” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் படம் ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு ஆலை வாசலில் மாட்டப்பட்டது. பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரிப்பவள் பொற்கொடி.

மழைக்காலம் முடிவதற்குள் ஜெபசீலன் குரோம்பேட்டை மாடிப்படி ஏறி வந்தார். கையில் பஞ்சில் சுற்றிய ஒரு குப்பி.

“சார், இத ஒண்ணு பாருங்க.”

தண்ணீர்போல் தெளிவாக இருக்கவேண்டிய மருந்து அரிசி கழுவிய நீர்போல் இருந்தது. தணிகாசலம் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து ஜன்னலோரமாகப் பிடித்துப் பார்த்தார். ஊசி ஊசியாகப் படிகம். ஆறு பட்டை, நுனியில் மட்டும் லேசான சாய்வு. அவருடைய படிகம்! அவர் வளர்த்து, அவர் அமைப்பைச் சொன்ன அதே வடிவம், அதைவிடப் பளபளப்பாக. காது வரைக்கும் வாய் விரிந்தது. இதைவிட அழகாக நான்கூட வளர்த்ததில்லையே என்று சொல்ல வாயெடுத்தார்.

“என்னப்பா, பல்லெல்லாம் தெரியுது? நல்ல சேதியா?”

கீழே வேலையை முடித்துவிட்டு வந்த பொற்கொடி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். வலது கையை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள். ஊசி போடுகிற தேதி நெருங்கும்போதெல்லாம் அப்படிச் செய்வாள்.

தணிகாசலத்தின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மகளுடைய மருந்து கெட்டுப்போய்க் கிடக்கிறது, அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். அதை அவள் பார்த்தும் விட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தாடிக்குள் முகம் சுட்டது.

“கரைக்கவே முடியல சார்” என்றார் ஜெபசீலன். “ரொம்ப சூடு பண்ணினா துண்டே கெட்டுப் போவுது. லேசா சூடு பண்ணிப் பாத்தா, ஆறினதும் மறுபடி படிகமா நிக்குது. குழாய மாத்தியாச்சு, வடிகட்டிய மாத்தியாச்சு, தண்ணிய மாத்தியாச்சு. எந்தக் குப்பியும் தப்பல கேட்டீங்களா. மிச்சம் இருக்கது வெளிநாட்டுல செஞ்ச பழைய சரக்கு கொஞ்சம். அதுவும் ஆலைக்குள்ளதான் இருக்கு, நம்பிப் போட முடியாது.”

“என் ஊசி?” என்றாள் பொற்கொடி.

ஜெபசீலன் குப்பியைப் பஞ்சில் சுற்றினார்.

“ஜெபா” என்றார் தணிகாசலம். “வாசல்ல ஒரு படம் மாட்டியிருக்கியே. அதப் பாத்தியா?”

ஜெபசீலன் ஒரு நொடி விழித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். “சார், நேரங்காலம் இல்லையா? இதுலயும் உங்க தாடிதானா?”

“விளையாடலடா.”

“அப்பா, நீ எப்ப விளையாடல?” என்றாள் பொற்கொடி. “அம்மாவப் பொண்ணு பாக்கப் போனப்ப அவங்க வீட்டு ஜாடியில உப்பு உறைஞ்சு போச்சுன்னு சொன்ன ஆளு நீ.”

“அது மழை, ஈரம். இது வேற.” அவர் இருவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். “ஒரு அண்டா பாலுக்கு எவ்வளவு உறை ஊத்துவ? ஒரு கரண்டி. அந்தத் துண்டுகளுக்கு இந்த மாதிரி வரிசையில நிக்கத் தெரியாதும்மா. தானாக் கத்துக்கறதுக்கு யுகம் ஆகும். ஒருத்தன் நின்னு காட்டிட்டா பக்கத்துல இருக்கறவன் பாத்து நிப்பான், அவனப் பாத்து அடுத்தவன். அந்த முதல் ஆள் என் தாடியில உக்காந்திருந்திருக்கான். நான் பையக் கழட்டிட்டுக் குனிஞ்சேன்.”

“அதெல்லாம் மாணவனா இருக்கும்போதே நான் பாத்தாச்சு சார். ரெண்டு தட்டுலயும் சமமா வந்துச்சு. வரைபடம் இன்னும் வச்சிருக்கேன்.”

“தாடி காட்டாத தட்டுன்னு வச்சியே, அத எங்கேருந்து எடுத்த?”

“உங்க அலமாரியிலேருந்து.”

“தொடச்ச துணி?”

“உங்க மேசையில கெடந்தது.”

“உக்காந்து வேலை பாத்த நாற்காலி?”

ஜெபசீலன் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார்.

“அந்தக் கட்டடத்துல நான் இல்லாத தட்டே கிடையாதுடா” என்றார் தணிகாசலம். “அதனாலதான் சமமா வந்துச்சு.”

“அது ஒரு சாத்தியம். சாத்தியத்த நிரூபணம்னு எடுக்க முடியாது.” ஜெபசீலன் வேகமாக எழுந்தார். “ஆலையில பயலுக ஏற்கெனவே பேசுதானுக. தாடி தோஷம்ங்கானுக. உங்க படத்தச் சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சிட்டானுவ. நான்தான் போய் நேராக்கினேன். எல்லாரும் நம்புதானுவ சார், நான் நம்ப மாட்டேன். நான் நம்பிட்டா என்ன அர்த்தம் தெரியுமா? இத்தன பேருக்கு மருந்து இல்லாமப் போனதுக்கு என் வாத்தியாரு காரணம்னு என் கையால எழுதிக் கொடுக்கணும். கோயம்புத்தூர்ல ரெண்டாவது ஆலை தயாரா இருக்கு. அடுத்த வாரம் தொடங்குதோம். நீங்க வந்து விளக்கேத்துங்க, எல்லாவனும் வாய மூடட்டும்.”

தணிகாசலம் அதிர்ந்துபோனார். உலகத்தில் எத்தனையோ பேரை எத்தனையோ பொய்யை நம்பவைத்த மனுஷன் அவர். நாகப்பட்டினத்தில் திமிங்கிலம் தன்னிடம் வழி கேட்டதை ஒரு ரயில் பெட்டி முழுக்க நம்பவைத்திருக்கிறார். ஒரே ஒரு உண்மையைச் சொல்கிறார், கேட்க ஆள் இல்லை. கோபப்படவும் வாயில்லை. இந்த ஆளை நம்பாதே என்று ஊருக்கே பழக்கிவிட்டவர் அவர்தானே.

“விளக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீயும் போகாத. திறப்பு விழாவுல என் கால்ல விழுந்து எழுந்தவன்தானே நீ, உன் மேலயும் இருக்கும். நான் போகாத ஊரு, என்னைத் தொட்டவங்க போகாத ஊரு ஒண்ணு பாரு. அங்க செஞ்சு பாரு.”

“அப்பா போகாத ஊரா?” பொற்கொடி சிரித்தாள், சிரிப்பில் உயிர் இல்லை. “நிலாவுக்குப் போகவேண்டியதுதான்.”

கடைசியில் மிசோரமில் ஐஸ்வால் கிடைத்தது. அங்கே தணிகாசலம் போனதில்லை. போனதாகப் பீற்றியதுகூட இல்லை. மலையுச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் லால்ரின்பூயி என்று ஒரு வேதியியல் நிபுணர், சின்ன அளவில் டி.என்.ஏ செய்கிற இயந்திரத்தோடு இருந்தார். மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து நேராக அங்கே இறங்கும். ஒரகடத்து ஈ, எறும்புகூட அந்தப் பக்கம் போகாது. “உங்க பேரைத் தொடைக்கதுக்காவது இதச் செய்யுதேன் சார்” என்று சொல்லி, ஜெபசீலன் எல்லாவற்றையும் போனிலேயே பேசி முடித்தார். கோயம்புத்தூரையும் தள்ளிவைத்தார். லால்ரின்பூயி பன்னிரண்டைச் செய்து குப்பிகளில் நிரப்பி, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கிற இரண்டு அறைகளில் வைக்கவேண்டும். ஒரு அறைக் குப்பிகளில் தணிகாசலத்தின் முடியைத் தொட்டு எடுக்கவேண்டும், தொட்ட ஆள் மற்ற அறைப் பக்கமே போகக்கூடாது.

முடியை முத்திரை வைத்த கண்ணாடிக் குழாயில் போட்டு அனுப்பிய கையோடு, தணிகாசலம் தெருமுனை சலூனுக்குப் போனார்.

“ஷேப் பண்ணட்டுமா சார்?” என்றார் சலூன்காரர் சுடலைமுத்து.

“மழிச்சிடு.”

“சார்!” சுடலைமுத்து கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “ஜப்பான்காரனுக்கே குடுக்காத தாடி சார் இது!”

“அந்தக் கதை பொய்” என்றார் தணிகாசலம். சலூனில் காத்திருந்தவர்கள் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை.

விழுந்த முடியை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டு வந்து, மொட்டைமாடியில் எரித்தார். பொற்கொடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தாடையே இல்லையேப்பா” என்றாள். “இத்தன வருஷமா இதத்தான் மறைச்சு வச்சிருந்தியா?”

அவர் சிரிக்கவில்லை.

“இப்பதான் எரிச்சாச்சே, முடிஞ்சுபோச்சுல்ல?”

“இல்லம்மா. சட்டையில இருக்கு, தலகாணியில இருக்கு. உன் கிளினிக்குல இருக்கு. என் தோல்ல எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்.” கம்பால் சாம்பலைக் கிளறினார். “நான் சொல்றது நிஜம்னா நீ ஐஸ்வாலுக்குப் போகணும். தலையிலேருந்து கால்வரைக்கும் கழுவிட்டு, இங்கேருந்து ஒரு துணிகூட எடுக்காம. அங்கயே இருந்து ஊசி போட்டுக்கணும். நான் வரக்கூடாது. என்னைப் பாத்தவங்ககூட வரக்கூடாது.”

“எவ்வளவு நாளைக்கு?”

அவர் மறுபடியும் சாம்பலைக் கிளறினார்.

“பொய்யா இருந்தா?”

“பொய்யா இருந்தா நீ இங்கயே இருக்கலாம். என்ன காரணம்னு ஜெபா தேடிக்கிட்டே இருப்பான். உன் கை…”

பொற்கொடி தன் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள். சுண்டுவிரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“திறப்பு விழாவுல நானும்தானேப்பா சிரிச்சேன்” என்றாள். “பையப் போடுப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டருக்குப் படிச்சவ. மாஸ்க் இல்லாம என் கிளினிக்குள்ள யாரையும் விடமாட்டேன். உன்னை மட்டும் விட்டுட்டேன். போட்டோவுல நல்லா இருந்துச்சு.”

அவள் திட்டியிருந்தால் தணிகாசலம் தாங்கியிருப்பார். அவமானத்தில் அவள் பாதி கேட்டபோது தாங்க முடியவில்லை. கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பிறகு வந்த நாட்களில் அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. பேப்பர்காரரிடம் கதவிடுக்கு வழியாகப் பேசினார். உலகத்தில் எந்தப் பொய்யருக்கும் வராத ஒரு வேண்டுதல் அவருக்கு வந்தது: இந்த ஒன்றும் பொய்யாக இருந்துவிடட்டும். காலையில் எழுந்ததும் தாடி இல்லாத தாடையைத் தடவி, நீ ஒரு வெறும் பீற்றல்காரன், உன் தாடியால் ஒரு மண்ணும் ஆனதில்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். சொல்லி முடித்ததும் மகளின் சுண்டுவிரல் ஞாபகம் வரும். அப்படியானால் அவளுக்கு மருந்து எங்கே என்று பதறி, வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்வார்.

ஜெபசீலன் ஒரு மதியம் வந்தார். மாடி ஏறவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே காரை ஒட்டி நின்றார். பொற்கொடி கிளினிக் வாசலுக்கு வந்தாள். தணிகாசலம் மாடிப்படியின் பாதியில் நின்றார்.

“ஏன்டா அங்கயே நிக்கிற? உள்ள வா.”

“இருக்கட்டும் சார்.” ஜெபசீலனின் கண் சிவந்திருந்தது. “லால்ரின்பூயி பேசினாவ. முடி படாத அறையில எல்லாக் குப்பியும் தெளிவா இருக்கு. நல்ல மருந்து. பொற்கொடிக்கு அங்கயே ஊசி போடலாம், நாளைக்கே போகலாம்.”

பொற்கொடி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“முடி பட்ட அறை?” என்றார் தணிகாசலம்.

“எல்லாம் வெளுத்துப் போச்சு. ஆறு பட்டை. நுனியில சாய்வு.”

தணிகாசலம் ஒரு படி இறங்கினார். ஜெபசீலன் தன்னையறியாமல் காரோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“ஒரு தடவதானேடா செஞ்சு பாத்தாங்க. தற்செயலா இருக்கலாம்ல?” அவர் குரல் கெஞ்சியது. “அந்த அறையில ஏதாவது தூசி இருந்திருக்கும். உப்பு கூடியிருக்கும். சாத்தியம் நிரூபணம் ஆகாதுன்னு நீதானே சொன்ன? வரைபடம் இருக்குல்ல உங்கிட்ட, அத எடுத்துப் பாரு. நீ நம்பாதடா ஜெபா. நீ ஒருத்தனாவது நம்பாம இரு.”

ஜெபசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். முதலில் பொற்கொடியைப் பார்த்தார், பிறகு வெறுமையாகக் கிடந்த ஆசிரியரின் தாடையைப் பார்த்தார்.

“மூணு தடவ செய்யச் சொன்னேன் சார்” என்றார். “உங்க தாடிதான்.”